சோளக்காட்டில் இன்னும் ஒருவன்

அன்புள்ள அம்மா,

முதுகுவலி தேவலையா? நான் நலம். வீட்டில் சும்மா போட்ட பேய் வேஷத்துக்கு வெர்னன் மாமாவின் பண்ணையில், ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்கு வருகிறவர்களைப் பயமுறுத்த, சம்பளமே கிடைக்கிறது! நேற்று ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

சாயங்காலம், வருகிறவர்கள் வழிதவறி விளையாடச் சோளக்காட்டுக்குள் வெட்டிய சுற்றுவழியைப் பூட்டுமுன், உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவருவதும் என் வேலை. அண்ணன் கால்வின் சாகும்வரை, வருடந்தோறும் அங்கே ஒளிந்திருந்து கடைசியாகத்தான் வருவான்.

"எல்லாரும் வந்தாச்சாடா, குட்டிப்பேயே?" என்று நேற்றுப் பூட்டும்போது கேட்டார் மாமா.

"அண்ணன் இன்னும் வரல மாமா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

மாமா திட்டவில்லை. என்னோடு உள்ளே வந்து, "கால்வின், போதும்டா, வெளிய வா!" என்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். பிறகு அவரே பூட்டினார்.

அப்பாவிடம் சொல்லாதே. தபால் வண்டி வந்துவிட்டது. குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்பு. அண்ணனுடையதே போதும், இப்போது எனக்குச் சரியாக இருக்கும்.

ராய்ஸ்