எந்த வீட்டு மருமகள்?

கன்வாடி,
நவராத்திரி இரண்டாம் நாள்.

அன்பு நாத்தனார் ருக்மாவுக்கு,

அண்ணி கோதாம்பரி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை திலக்கும் டேராடூனில் சுகமாயிருக்க மலைமேல் பகவதி துணை. இங்கே எல்லோரும் நலம். எருமை கன்று போட்டிருக்கிறது. கறக்கப் போனால் என்னை உதைக்கிறது. 'உனக்குப் பயப்படாத ஒரே ஜீவன் அதுதான்' என்று உன் அண்ணன் சந்தோஷப்படுகிறார்.

உன் கடிதம் வந்தது. மேளக்காரர் மகனைக் கட்டிக்கொண்டு போனேன் என்று மூன்று வருஷமாக அப்பா கூப்பிடவில்லை, இந்த அஷ்டமித் திருவிழாவுக்கு அழைப்பு வராவிட்டாலும் மலையேறி வந்தே தீருவேன், தட்சன் மகளும் அழைக்காமல்தானே போனாள் என்று எழுதியிருந்தாய். போனாள், சரி. போய் என்ன ஆனாள்? அப்பன் வளர்த்த யாகத் தீயில் விழுந்து செத்தாள். சிவன் அந்த உடலைத் தோளில் போட்டுக்கொண்டு பித்துப் பிடித்து அலைந்தபோது, அது துண்டு துண்டாக அங்கங்கே விழுந்ததில் காது நம் மலையில் விழுந்தது. அந்தக் காதைக் கும்பிட்டு வளர்ந்தவள், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு எழுதுகிற எழுத்தா அது? ஊர்கூடி நிற்கும்போது அப்பா கதவைச் சாத்தினால் நீ என்ன செய்வாயோ என்றுதான் எனக்குப் பயம். பிடிவாதத்தில் நீ அவருக்கு அரை மாற்றுக்கூடக் குறையாதவள்.

அதனால்தான் பதில் போடாமல் நேற்றுவரை காத்திருந்தேன். நேற்று பகவதியின் பல்லக்கு மலையேறிய நாள். எப்போதும்போல அப்பன்மார் ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏறி, கட்டிக்கொடுத்த மகளின் பேரையும் புகுந்த வீட்டையும் சொல்லித் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் உன் மாமனார் பதம் தாஸ் மேளத்தில் ஓர் அடி அடித்தார். கடைசியில் ஊர்த் தலைவர் முறை. நம் அப்பா ஏறினார். தன் தங்கையைக் கூப்பிட்டார். இறங்கிவிட்டார். 'அவ்வளவுதான், தூக்குங்க' என்றார். பக்கத்தில் நின்ற என் அத்தை, உன் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். முன்பக்கம் வலது கொம்பில் உன் அண்ணன். பல்லக்கு இம்மி அசையவில்லை. மற்ற மூன்று பேருக்கும் கழுத்து நரம்பு புடைக்கிறது, பல்லக்கு நட்டுவைத்தது போல நிற்கிறது. 'பகவதி கோவிச்சுக்கிட்டா! ஏதோ ஒரு பொண்ணு விட்டுப்போச்சு!' என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். எந்தப் பெண் என்று கேட்க ஆளில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே.

அப்பா உன் அண்ணனிடம் போய், 'ஒழுங்காத் தோளைக் குடுத்துத் தூக்குடா குந்தன்' என்றார். 'நான் தூக்கத்தாம்பா செய்றேன், அவதான் வரமாட்டேங்குறா' என்றார் இவர், குனிந்த தலை நிமிராமல். பகவதி கனத்தாளா, உன் அண்ணன் கனத்தாரா என்று என்னைக் கேட்காதே. நான் கேட்டதற்கு, 'சாமி சமாசாரத்துல நீ தலையிடாத' என்று அதட்டிவிட்டு இன்னொரு ரொட்டி போடச் சொன்னார்.

அப்பா மறுபடி பாறைமேல் ஏறினார். பிறகு 'ருக்மா' என்றார். கத்தவில்லை. சின்னப் பிள்ளையில் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாரே, அப்படித்தான் கூப்பிட்டார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் மேளம் அடிக்கவில்லை.

பதம் தாஸ் குச்சியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். 'பொண்ணு பேரு கேட்டுச்சுங்க எசமான். எந்த வீட்டு மருமக? வீட்டைச் சொன்னாத்தான நான் அடிக்க முடியும்?' என்றார். நம் முற்றத்துக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனுஷன், ருக்மா! நம் அப்பா முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். பின்னாலிருந்து சிலர் 'அடிய்யா, பொழுது போகுது' என்று விரட்டினார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. 'ஏன், உனக்குத் தெரியாதா?' என்றார். 'எனக்குத் தெரியும் எசமான். மேல இருக்கிற காதுக்குத் தெரியணுமே' என்றார் பதம் தாஸ்.

அப்பா இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மலைப் பக்கம் திரும்பி, 'கன்வாடி பதம் தாஸ் வீட்டு மருமக ருக்மா! திருவிழாவுக்கு வா!' என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பேருக்கு ஓர் அடிதானே வழக்கம்? உன் மாமனார் நிறுத்தவே இல்லை. அழுதுகொண்டே அடித்தார். உன் அண்ணன் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி ஓடினார். பின்கொம்புக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.

ஆக, அழைப்பு வந்துவிட்டது. அத்தை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அர்சா பலகாரம் செய்ய அரிசி ஊறப்போட்டுவிட்டார். நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கவில்லை என்று எனக்கு ஏச்சு வேறு.

இனி நல்லதை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்றப் போவதில்லை. அப்பா நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை. காலையில் என்னிடம் மட்டும், 'அவ பஸ்ல முன்னாடி சீட்டுல உக்காந்து வரணும்னு எழுது, வளைவுல வாந்தி எடுப்பா' என்றார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டுப் பையன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் நாங்கள் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று இரண்டு வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நனைக்க வேண்டாம், எங்களுக்கு அர்சா மிச்சம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அப்பா என்னைத் திட்டவுமில்லை, ஆமாம் போடவுமில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், தப்பாயிருந்தால் பொறுத்துக்கொள். மகளைக் கூப்பிடாதது மட்டுமா தட்சன் செய்த தப்பு? வந்தவள் யாகசாலையைச் சுற்றிப் பார்த்தாளே, எல்லோருக்கும் பங்கு இருந்தது, புருஷனுக்கு மட்டும் இல்லை. அவள் எரிந்தது அதைப் பார்த்துத்தான். அப்பா ஒரு பாதியைத் தாண்டிவிட்டார். மறுபாதிக்கு அவர் வாய் திறக்கும்வரை காத்திருந்தால் உன் பிள்ளைக்கே கல்யாணமாகிவிடும். ஆகையால் மாப்பிள்ளைக்கு நானே தட்டு வைக்கப்போகிறேன். உள்ளே, அப்பா தட்டுக்குப் பக்கத்தில். உன் அண்ணனுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும், தெரியாதது போல வெல்லம் இடித்துக்கொண்டிருக்கிறார்.

சப்தமி அன்று பொழுது சாய்வதற்குள் வந்து சேருங்கள். மாப்பிள்ளை வெளியிலேயே நிற்கிறேன் என்பார், அவர் சுபாவம் எனக்குத் தெரியும். விடாதே. அப்பா உன்னைப் பார்க்க வாசலுக்கு வருவார், எப்படியும் வருவார். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ருக்மா: அவரைக் கண்டதும் ஓடிப்போய் நீ முதலில் நுழைந்துவிடாதே. மாப்பிள்ளை முதலில் படி ஏறட்டும். நீ உள்ளே வந்தால் போதும் என்று அப்பா கதவைச் சாத்திக்கொள்வார். நீ வெளியே நிற்கும்வரை அவரால் அதைச் சாத்த முடியாது.

பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணி
கோதாம்பரி