மாப்பிள்ளை போட்ட சூளை

ஆகஸ்ட் 26

கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

தலைநகர் லிலோங்வேயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் தகரமும் சிமெண்டும் தருவதாகச் சொல்லிவிட்டது. நர்ஸ் தங்க வீடும் ஒரு பிரசவ அறையும் இருந்தால் ஆளை அனுப்புகிறோம் என்று சுகாதார அலுவலகமும் சொல்லியாயிற்று. செங்கல் மட்டும் நம் பொறுப்பு. இருபதாயிரம் கல், மழைக்கு முன்னால் சுட்டாக வேண்டும். இதற்கு மேல் இந்த ஊருக்கு என்னதான் வேண்டும்?

ஆண்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். சிசோமோ எழுந்தான். "நாங்க எல்லாம் பொண்டாட்டி ஊருக்குப் பொழைக்க வந்தவங்க, மதினி. நாளைக்கே அவ துரத்திவிட்டா செவுத்தைத் தலையில தூக்கிட்டா போக முடியும்?"

ஒரே சிரிப்பு. "செவுத்தை விட்டுட்டே போ. உன் புள்ளைய உசிரோட பெத்தெடுக்க அவளுக்கு அது வேணும்" என்றேன். சிரிப்பு அடங்கியது. ஆனால் ஒருத்தனும் வேலைக்குக் கை தூக்கவில்லை.

ஆகஸ்ட் 27

பெண்களே கல் அறுப்போம். முடிவு பண்ணியாச்சு.

செப்டம்பர் 9

பன்னிரண்டு பேர். நான், பக்கத்து வீட்டு ஃபலேசி, மற்றவர்கள். இடுப்பு விட்டுப்போகிறது. மண் மிதிக்கும்போது ஃபலேசி, "என் புருஷன்னு நெனச்சு மிதிக்கிறேன்டி, களைப்பே தெரியல" என்கிறாள்.

எல்லோரும் தூங்கப் போன பிறகும் எனக்குத் தங்கை லொசானி ஞாபகம்தான். போன ஜனவரியில் ஆறு கரை புரண்டு ஓடியது. இந்தக் கரையில் மாட்டுவண்டியில் பிரசவ வலியோடு அவள், அந்தக் கரையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு. வண்டியிலேயே முடிந்துபோனாள். குழந்தையும்.

இப்போது என் மகள் தியாமிகேக்கு ஜனவரியில் நாள். அதே ஜனவரி. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவேன்.

செப்டம்பர் 20

எட்டாயிரம் பச்சைக் கல் அடுக்கியாயிற்று. எப்போது தீ மூட்டுவது? அது தெரிந்தவன் இந்த ஊரில் ஒரே ஒருத்தன்தான், என் மாப்பிள்ளை லாமெக். டெட்சா டவுனில் நாலு வருஷம் சூளையில் வேலை பார்த்தவன்.

ஆனால் எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளை பிறக்கும்வரை மாமியார் அவன் எதிரில் நிற்கக்கூடாது, பேசக்கூடாது. என்னைப் பாதையில் கண்டால் அவன் புதருக்குள் இறங்கிவிடுவான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், நான் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். எதுவானாலும், தியாமிகே வழியாகக்கூட இல்லை, அவள் தாய்மாமன் வழியாகத்தான் போக வேண்டும். என் அண்ணன் கெனாசி இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ஆள் அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 27

பதில் இல்லை. அண்ணன் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாராம். போனால் ஒரு வாரம். அதுவரை காத்திருக்க முடியாது. நாளைக்கு மூட்டுகிறோம்.

செப்டம்பர் 28

வெடித்துவிட்டது. எல்லாம். படபடவென்று சத்தம் கேட்டதும் கல் காய்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். மடச்சிகள்.

சாயங்காலம் தியாமிகே அழுதுகொண்டே வந்தாள். லாமெக் நேற்றே ஒரு கல்லை உடைத்துப் பார்த்தானாம், உள்ளே ஈரம். காலையில் தடுக்கத்தான் வந்திருக்கிறான். "அத்தை அங்கயே நிக்கிறாங்க, நான் எப்படிப் போய் நிப்பேன்னு திரும்பிட்டாரும்மா."

நானே பார்த்தேன். தீக்குச்சி கையில் இருக்கும்போது ஒரு முதுகு புதருக்குள் போனது. நல்ல வளர்ப்பு, மரியாதை தெரிந்த பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கூடக் கொண்டேன். ஐயோ, எட்டாயிரம் கல்!

செப்டம்பர் 29

கல் அறுக்கும் அச்சைக் கழுவி வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 2

லாமெக் களத்தில் உடைந்த கல்லைக் கிளறிக்கொண்டிருப்பதாக ஃபலேசி வந்து சொன்னாள். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரில் செங்கல் குவியல்.

"ஏ செங்கல்லே, உன்னை எத்தனை நாள் காயப்போடணும்? வாயைத் திறந்து சொல்லேன்."

ஓடிவிட்டானோ? பிறகு பின்னாலிருந்து, மெதுவாக: "செங்கல்லே, அவங்ககிட்ட சொல்லு. இந்த வெயிலுக்குப் பன்னெண்டு நாள். குப்புற ஒருக்கா, நிமித்தி ஒருக்கா."

"விறகு?"

"மாமரம் வேணாம். புகைதான் மிஞ்சும்னு சொல்லு."

ஃபலேசி தரையில் விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். மாமியாரோடு பேசக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், செங்கல்லோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அக்டோபர் 8

அண்ணன் வந்து குதித்தார். "ஊரே சிரிக்குது எனிஃபா! மாப்பிள்ளை கூடப் பேச நான் எதுக்கு இருக்கேன்?"

"சிரிக்கட்டும்ணே. லொசானிக்கு அழுதோமே, அதுக்கு இது தேவலை."

சாயங்காலமே அவர் கோடாலியோடு விறகு வெட்டப் போய்விட்டார்.

அக்டோபர் 16

லாமெக் மண் மிதிப்பதைப் பார்த்து மற்ற மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். சிசோமோ சொந்த அச்சோடு வந்து நின்றான். "செவுத்தை விட்டுட்டுத்தான் போவேன் மதினி, அச்சை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்கிறான். போடா போ, முதலில் அறு.

நவம்பர் 5

இருபதாயிரம் கல்லும் காய்ந்தாயிற்று. சூளை மூட்டினோம். இந்த முறை லாமெக் கையால். நான் தள்ளி, முதுகு காட்டி. சூளை வாய்களைச் சேற்றால் எப்போது பூச வேண்டும் என்று அவன் செங்கல்லிடம் சொல்ல, நான் செங்கல்லிடம் சரி என்றேன்.

நவம்பர் 12

பிரித்தோம். சிவப்பு. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்கிறது. அழுதேன், வெட்கமில்லாமல்.

நவம்பர் 15

முதல் மழை. கல்லெல்லாம் சுட்ட கல். பெய்யட்டும்.

டிசம்பர் 22

தகரம் போட்டாயிற்று. நர்ஸ் நேற்று ஒரு பெட்டியும் இரண்டு கோழியுமாக வந்து இறங்கினாள். இன்று ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்தக் கரையிலேயே நின்றிருப்பாள்.

ஜனவரி 14

மத்தியானம் பேத்தி பிறந்தாள். கொஞ்சம் சிக்கல்தான். ரத்தம் நிற்க நேரமாயிற்று. நர்ஸ் ஊசி போட்டாள், கையை எடுக்காமல் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தாள். வண்டியில் இருந்திருந்தால்... வேண்டாம், எழுத மாட்டேன். தியாமிகே கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். குழந்தைக்கு லொசானி என்று பேர்.

வெளியே வந்தேன். சுவரோரம் லாமெக். தலைப்பிள்ளை வந்தாயிற்று, இனி நேருக்கு நேர் நிற்கலாம், பேசலாம். என்னைக் கண்டதும் சட்டென்று அவன் திரும்பிக்கொண்டான். பழக்கத்தில் நானும் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றேன்.

"செங்கல்லே, அவ எப்படி இருக்கா?" என்றான்.

"நல்லா இருக்கா. புள்ளையும் நல்லா இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு."

அவன் அழுவது கேட்டது. மாப்பிள்ளையின் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.