பணியாரத்தை எடுக்கவில்லை

2024 பெப்ரவரி 6, டோஸ்ட்ருப், டென்மார்க்
பல்கலைக்கழகங்களில் நிறப்பாகுபாடு பற்றிய என் ஆய்வுக்குப் பதினேழாவது நேர்காணல். கிளோறியா, ஹேர்னிங் நகரத்துத் தமிழ்ப் பிள்ளை, வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். இரண்டு மணி நேரம் 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்றாள். எழும்பும்போதுதான் சொன்னாள்.
"அக்கா, வெள்ளிக்கிழமையில எங்கட ஒஃபிசில ஆள் மாறி ஆள் கேக் கொண்டு வாறது. என்ர முறைக்கு அம்மா சுட்ட பயத்தம் பணியாரம் கொண்டு போனன். ஒருத்தரும் தொடேல்லை. அடுத்த பட்டியல்ல என்ர பேரே இல்லை."
பிறகு, "கட்டுரையில என்ர பேர் வராதுதானே?"
"வராது, பயப்படாதையும்."

மார்ச் 19
கட்டுரையில் அவளுக்கு சாரா என்று பெயர் வைத்தேன். பணியாரத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் கட்டுரையில் உயிர் இல்லை. எடுக்கவில்லை.

செப்டம்பர் 2
கட்டுரை வெளிவந்துவிட்டது. வானொலியில் என் பேட்டி. பணியாரக் கதையை மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் சொன்னேன்.

செப்டம்பர் 11
கிளோறியா அழைத்தாள். அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர் என் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தாராம். கத்தவில்லையாம். இனி அவளோடு வேலை செய்ய நம்பிக்கை இல்லை என்று மட்டும் சொன்னாராம்.
"அக்கா, டென்மார்க்கில எத்தினை பேர் ஒஃபிசுக்குப் பணியாரம் கொண்டு போறது?"
பெயரை மட்டும் மாற்றி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். பேர் மாத்தினனான்தானே, நான் வேறென்ன செய்யிறது? — சீ, எனக்கு வெட்கமில்லை.

நவம்பர் 28
நிரந்தரப் பதவி கிடைத்தது. அந்தக் கட்டுரைக்காகத்தான்.

2025 மே 14
ஆய்வை விட்டுவிட்ட கிளோறியா எங்கள் துறையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ அக்கா." ஓம் என்றேன்.

மே 20
தெரிவுக்குழுவில் நான், மெத்த என்கிற டேனிஷ் சகா, இன்னொருவர். மெத்த கேட்டாள்: "பழைய இடத்தில் ஏதோ சிக்கலாம். இவளை உனக்குத் தெரியுமா?"
தெரியும் என்றால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால், சாரா இவள்தான் என்றும், வாக்கு மீறியவள் நான் என்றும் தெரிந்துவிடும்.
"தெரியாது," என்றேன். விண்ணப்பத்தை அப்பால் வைத்தார்கள்.

ஜூன் 6, வெள்ளி
கேக் என் முறை. பேக்கரியில் வாங்கிப் போனேன், ஒரு துண்டு மிஞ்சவில்லை. "உன் கட்டுரையில் வருமே, அந்தப் பலகாரம், அதை ஒருநாள் செய்து கொண்டுவாயேன்," என்றாள் மெத்த. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
மத்தியானம் கிளோறியாவின் செய்தி: "கிடைக்கேல்லை அக்கா. நீங்கள் எனக்காகக் கதைச்சிருப்பீங்கள், தெரியும். நன்றி."
ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன்.