ஆளையும் வண்டியையும் சேர்த்து எடை போட்ட நாள்

என் நெட்டை மனுசனுக்கு,

வீட்டில் உங்களை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவேன். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் மட்டும் "ஏலே சாமு" ஆகிவிடுவீங்க. இப்போது ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நான்தான் திறக்கிறேன். ராஜபாளையத்துக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான், "அண்ணாச்சி இல்லையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒருத்தரிடம், "வெளிய போயிருக்காக, செத்த நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனுசனை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே!

உங்களுக்கு ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்க கேட்ட விதி வந்துவிட்டது.

நாம் முதன்முதலில் பேசியதே அதைப் பற்றித்தானே? சோழபுரம் பக்கம் அறுப்பு முடிந்த காட்டில் நடந்த மண் தரை பைக் பந்தயம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்போதெல்லாம் தள்ளு ஸ்டார்ட்தான். எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நிற்போம். கொடி இறங்கியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்சை விட்டு, அது உயிர் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். உங்க நீளக் காலுக்கு நான்கு எட்டு போதும். நான் பொதி மாட்டைத் தள்ளுகிற மாதிரி தள்ளி, எல்லாரும் முதல் வளைவுக்குப் போனபிறகுதான் ஏறினேன். ஆனால் அந்த நீளமான நேர்பாதையில் ஒவ்வொருத்தராகத் தாண்டி, கடைசியில் உங்களையும் தாண்டினேன்.

பந்தயம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து நின்றீங்க. நெற்றியெல்லாம் புழுதி.

"ஏம்மா, நீ எம்புட்டு எடை இருப்ப?"

எந்த ஆம்பளை ஒரு பெண்ணிடம் முதல் பேச்சாக இதைக் கேட்பான்?

"அம்புட்டையும் ஒங்ககிட்ட ஒப்பிக்கணுமோ?" என்றேன்.

"இல்ல, ஒரே வண்டி, ஒரே இன்ஜின். அது ஒன்னையும் இழுக்கு, என்னையும் இழுக்கு. நான் ஒன்ன மாதிரி ஒன்றரை ஆளு. இது எப்படி நியாயம்?"

"அப்ப நீங்க தள்ளுததுல ஜெயிக்கிறது மட்டும் நியாயமா?"

அந்தச் சண்டை கல்யாணத்துக்குப் பிறகும் முடியவில்லை. சாப்பிடும்போது பேசுவோம், சர்ச்சுக்குப் போகிற வழியில் பேசுவோம். வண்டியையும் ஆளையும் சேர்த்து நிறுக்க வேண்டும், எடை குறைந்தவர்கள் வண்டியில் ஈயத் தகட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பீங்க. எடையை நிறுக்கலாம், உங்க அகல நெஞ்சில் மோதுகிற காற்றை எந்தத் தராசில் நிறுக்கப் போகிறீங்க என்பேன். உடனே, "சரி, பாதி நியாயமாவது கெடைக்கட்டுமே" என்பீங்க.

அப்புறம் தள்ளு ஸ்டார்ட்டில் ஒருத்தர் தடுக்கி விழுந்து, பின்னால் வந்த வண்டி அவர் கால்மேல் ஏறியது. அதோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற இன்ஜினோடு நின்று, கொடி இறங்கியதும் கிளட்சை விட்டுக் கிளம்புகிற முறை வந்தது. யார் காலும் போக வேண்டாம் என்று நீங்கதான் முதலில் அதற்குக் கை தூக்கினீங்க. உங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு கிளம்பும்போதும் நான் முந்தி, நேர்பாதையிலும் நான் முந்தி. அப்போதுதான் கூட்டத்தில் எழுந்து எடை விதியைக் கேட்டீங்க. எல்லாரும் சிரித்தார்கள். "சாமு, சோத்தக் கொறைய்யா" என்றார் ஒருத்தர். "சோத்தக் கொறைக்கேன், எலும்ப எப்படிக் கொறைக்க?" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டீங்க. நானும் அன்று சிரித்தேன். அது வேடிக்கையாகத்தானே இருந்தது?

பிறகு அந்த நோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். ஒருநாள் நீங்க இறங்கிய கையோடு என்னை ஏறச் சொன்னீங்க. நான் ஏறினேன். முள் உங்க எடையைத் தாண்டிப் போய் நின்றது.

"ஏட்டி, இப்ப விடு பாப்போம் ரேஸ. நேர்பாதையில ஒன்ன தூக்கிச் சாப்பிட்டுருவேன்" என்றீங்க. நர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டது. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தபடியே நின்றேன்.

இந்த வருசக் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், நம் கிளப் தலைவர் ஹமீது பாயின் சிமெண்ட் குடோனில் நடந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து முருகேசன் என்று ஒருத்தர் வந்திருந்தார். லாரி மெக்கானிக், நல்ல உயரம், உங்க தோள் மாதிரித் தோள். அவர் எழுந்து எடை விதி வேண்டும் என்று கேட்டார். மறுபடியும் அதே சிரிப்பு. யாரோ சோற்றைப் பற்றி ஏதோ சொன்னார்கள். ஆனால் ஹமீது பாய் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எஸ்தரு, இது வந்தா மொத அடி ஒனக்குத்தான்மா. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பிடியே விட்டுருதேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஜெயிப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற நாள் மட்டும்தான் வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும்.

"வைங்க பாய்" என்றேன். "எலும்பக் கொறைச்சா என்ன ஆகும்னு நான் பாத்துட்டேன்."

அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாக் கையும் மேலே போனது. இதை நீங்க உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

பந்தயத்தன்று ஹமீது பாய் குடோனிலிருந்த பெரிய எடை மேடையை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருத்தரும் முழு உடுப்போடு, ஹெல்மெட்டோடு, வண்டியோடு ஏறி நிற்க வேண்டும். என் முறை வந்தது. விதியில் வைத்த எடைக்குக் குறைந்த அளவுக்கு ஈயத் தகடுகளை எடுத்து, முருகேசனே மண்ணில் படுத்து, இன்ஜினுக்குக் கீழே போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். "அக்கா, நல்லா ஆட்டிப் பாத்துக்கோங்க. கழண்டா எம்மேல பழி வரும்" என்றார்.

கொடி இறங்கியது. கிளட்சை விட்டதுமே தெரிந்தது, வண்டி யோசித்துத்தான் கிளம்புகிறது. இருந்தாலும் முதல் வளைவில் நான்தான் முன்னால். நேர்பாதைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் எப்போதும் நான் தனியாகத்தான் போவேன், என் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்றைக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பினால் முருகேசன். கைப்பிடிக்குக் கைப்பிடி, முழங்காலுக்கு முழங்கால். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசிச் சுற்றில் அரைச் சக்கரம் முந்திப் போய்விட்டார்.

தோற்றது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. இத்தனை வருசம் ஒரே காட்டில் ஓட்டியும் நாம் ஒருநாள்கூட அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் போனதில்லையே. நீங்க என் முதுகையும் என் புழுதியையும்தானே பார்த்தீங்க? தாண்டும்போதுகூட நான் திரும்பிப் பார்க்காததால், நேர்பாதையில் உங்க முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

முருகேசன் கோப்பையோடு வந்து, "அக்கா, ஈயம் கீழ இருக்கதால வளைவுல ஒங்களுக்குத்தான் லாபம். என் எடை மேல இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிச்ச பொறவும் என்னவே புலம்பல்? ஒம்ம எடைய நீரு சாச்சுக்கிடலாம், என் ஈயம் சாயுமா?" என்று கத்தினேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் சண்டை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் தோன்றியது, நீங்க போனபிறகு நான் இப்படி வாய் விட்டுப் பேசியதே அன்றைக்குத்தான். உள்ளே போய் விளக்கைப் போட்டேன். மீதிச் சண்டையைப் போட ஆள் இல்லை.

உங்க வண்டி பின்கட்டில் துணி மூடி நிற்கிறது. உங்க உயரத்துக்கு சீட்டை உயர்த்தி, கால் வைக்கிற கம்பியை இறக்கி நீங்களே செய்த வண்டி. அதில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் எட்டாது. விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள், தொடக்கூட விட்டதில்லை. இன்று காலையில் துணியை எடுத்துத் துடைத்தேன். முருகேசனுக்கு போன் போட்டு வரச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். விற்க மாட்டேன், ஓட்டட்டும்.

அடுத்த பந்தயத்தில் அது வரிசையில் நிற்கும். நேர்பாதையில் என் பக்கத்தில் வரும். நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன், கண்டிப்பாகப் பார்ப்பேன். ஆனால் ஒன்று, முந்த விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி
எஸ்தர்