நெளிந்து நின்ற நட்சத்திரம்

அன்பு மகள் பெர்சிக்கு,

விளாங்குடியிலிருந்து அப்பா எழுதுவது. மாதா காவலில் நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் தூக்கிப் பார்க்காத பேத்தியும் அந்தக் குளிரிலும் நலமாயிருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ சிரித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வராது. அதனால் பார்சலுக்குள்ளேயே எழுதி வைக்கிறேன்.

நீ படம் அனுப்பிக் கேட்ட எட்டு முனை நட்சத்திரப் போர்வையின் மேல்துணி இதோ. பஞ்சும் அடித்துணியும் அங்கே வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்றாய். நாற்பது வருஷம் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அம்மாவின் சுங்குடிச் சேலை இரண்டை டைமன் டைமனாக, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டினேன். கீழக்குயில்குடியிலிருந்து வந்து பதினோரு வருஷமாக என்னோடு தைக்கிறாளே இசைவாணி, அவள் துண்டுகளைச் சேர்த்து எட்டு இதழாகத் தைத்தாள். நான் இதழ்களை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, எட்டையும் மூட்டினேன். கட்டிலில் விரித்தால் நடுவில் படிந்திருக்கிறது, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. சீ என்றாகிவிட்டது. ரவிக்கை வாங்க வந்த தமிழ்வாணி டீச்சரும் அவர் அக்காவும் நிற்கும்போதே, கண்ண மூடிக்கிட்டா தச்ச, இம்புட்டு வருஷம் என்னத்தக் கத்துக்கிட்ட என்று இசைவாணியைக் கேட்டேன். அண்ணே, தையல்ல கோளாறு இல்ல, பிரிச்சு அளந்து பாருங்க என்றாள். எனக்கே பாடம் எடுக்குறியா என்றேன். கையிலிருந்த துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் நாலு நாள் நெளிந்த இதழ்களை மட்டும் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன், இன்னும் நெளிந்தது. மெத்தைக்கு அடியில் வைத்தேன், எடுத்ததும் பழையபடி. ஓரத்தில் கள்ளத்தனமாக இரண்டு மடிப்புப் பிடித்தேன், நட்சத்திரத்தின் முனை கோணிக்கொண்டது. மெஷினைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அம்மாதான், அவ சொன்னபடி பிரிச்சுத்தான் பாருங்களேன், வீம்புக்கு எம்புட்டு நேரம் தேய்ப்பீங்க என்றாள். பிரித்து, இதழ்களை ஒவ்வொன்றாகக் காகித அளவின்மேல் வைத்தேன். ஏழு இதழ் வெளி ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. ஒன்று மட்டும் சரியாகப் பொருந்தியது. அது கரண்ட் போன அன்று தைத்தது, நான் தேய்க்கவில்லை, இசைவாணி கையாலேயே நீவி மடித்து வைத்தது. டைமனின் ஓரம் கிராஸ் துணி, நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டியது, இழுத்தால் நீளும். வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். அதைப் பேன்ட் மடிப்புக்கு இழுப்பதுபோல் பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்த்தவனும் நான்தான்.

மறுநாள் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னோடதும்மா, நான் தேச்ச லட்சணம் என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. இத இங்க வந்து சொன்னா எப்படி, அன்னைக்கு அவுக முன்னாடில்ல பேசுனீங்க என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாள் கழித்து டீச்சரையும் அக்காவையும் வரச்சொல்லி, இசைவாணியையும் வரவழைத்து, துணியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். விடுங்கண்ணே, இதுக்குப் போயி என்றார் டீச்சர். இசைவாணி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மிச்சச் சேலையில் ஏழு இதழும் புதிதாக வெட்டித் தைத்தாள், பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து ஒற்றினாள், ஓரம் நீளாமலிருக்க ஓட்டுத்தையல் போட்டுவிட்டு மூட்டினாள். விரித்தோம். மேடில்லை, நெளிவில்லை, அப்படியே படிந்துவிட்டது. ஆனால் இப்போது என்னை அவள் அண்ணே என்பதில்லை, சார் என்கிறாள். கேட்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பஞ்சு வைக்கும்வரை இதைத் தேய்க்காதே, கொடியில் தொங்கவிடாதே. பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதியை மறக்காதே, வெளியே தூக்கிப்போனால் காதை மூடச் சொல் மாப்பிள்ளையிடம். மாதாவும் காவல் சம்மனசுகளும் உங்கள் மூவரோடும் இருக்கட்டும். போர்வையை யாராவது கேட்டால் இசைவாணி தைத்தது என்று சொல். அப்பா தைத்தது என்று சொல்லாதே.

முத்தங்களுடன்
உன் அப்பா
தனிஸ்லாஸ்