ஜூலிக்கு வயிற்று வலி

அக்டோபர் 14, செவ்வாய். ஏலகிரி.

காலையிலிருந்து பனிமூட்டம். ஏரி இருக்கிற இடமே தெரியலை. சால்வையை வேலூர்லயே விட்டுட்டு வந்தது முட்டாள்தனம்.

நேத்து சாயந்திரம்தான் வந்து சேர்ந்தேன். ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில், அப்புறம் மலை பஸ். வளைவுல பின் சீட்டுப் பொண்ணு ஒரே வாந்தி. தலையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி குடுத்து, ஜன்னல் பக்கம் மாத்தி உக்கார வெச்சேன். லீவுல வந்தாலும் நர்ஸ் வேலை விடமாட்டேங்குது. லீவுகூட நானா கேட்டதில்லை. சேர்ந்துபோன நாளெல்லாம் இந்த வருஷம் எடுக்கலேன்னா போயிடுமாம்.

தம்பி சாமு வீடு. அவன், பொண்டாட்டி கலா, ரெண்டு குதிரை. பிள்ளைங்க இல்லை. ஜூலி, செவலை, வயசான பெட்டை. மணி, கறுப்பு மட்டக்குதிரை, சட்டைப் பையைக் கடிக்கிற ரகம். ஏரிக்கரையில டூரிஸ்ட் பிள்ளைங்களை ஏத்தி ஒரு சுத்து கூட்டிட்டுப் போறதுதான் சாமுவுக்குத் தொழில். கலாவுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டுல வேலை.

லாயத்துக்குள்ள காலை வெச்சதும் அந்த வாசனை. வைக்கோல், ஊறவெச்ச கொள்ளு, வேர்வை, சேணத்துத் தோல். அப்படியே அப்பா. ஆம்பூர் ஸ்டேஷன் வாசல்ல ஜட்கா வண்டி ஓட்டினவர். அவர் சட்டையைத் துவைக்கும்போது அம்மா மூக்கைச் சுளிப்பாங்க. ஊர் முழுக்க தோல் பதனிடற ஷாப்பு நாத்தம் அடிக்கும், எங்க வீட்டுல மட்டும் குதிரை வாசனை. எனக்குப் பெருமை.

ரயில் லேட்டானா ஜட்காக்காரங்க பேச்செல்லாம் குதிரை வியாதிதான். நம்ம வார்டு வாசல்ல நோயாளியோட வந்தவங்க பேசிக்கிற மாதிரியே. காதுல இன்னும் இருக்கு: ஒரு காலை ஊனாம நின்னா குளம்புல சீழ். முன்காலை நீட்டிப் பின்னால சாஞ்சு நின்னா குளம்புக்குள்ள சூடு. தாடைக்குக் கீழ கட்டி வந்தா பக்கத்துக் குதிரைக்கும் ஒட்டும். வாலைச் சுவத்துல தேய்ச்சா வயித்துல பூச்சி. தீனியை மென்னு மென்னு துப்பினா பல்லு. இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. வயித்து வலின்னு யாராவது சொன்னா மட்டும் பேச்சு நின்னுடும். பீடியை அணைச்சுட்டு எழுந்து போவாங்க.

ஜூலி இன்னிக்குக் கொள்ளுல பாதியை அப்படியே விட்டுடுச்சு. சனி ஞாயிறு கூட்டம் ஜாஸ்தி, அசதியா இருக்கும்னான் சாமு. இருக்கலாம்.

கலா வெச்ச மொச்சைக் குழம்பு. ரெண்டாம் தடவை போட்டுக்கிட்டேன்.

அக். 15, புதன்.

தூறல். துணி காயலை.

ஜூலி தண்ணி குடிக்கலை. வாளி நிறைய அப்படியே. கையை விட்டுப் பார்த்தேன், ஐஸ். நேத்து போட்ட லத்தி சின்னச் சின்னதா, கெட்டியா, மேல சளி பூசின மாதிரி. இதை நேத்தே பார்த்திருக்கணும்னு சாமு தலையில அடிச்சுக்கிட்டான்.

காலை டிபன் முடிஞ்ச பிறகு ஆரம்பிச்சுது. முன்காலால தரையைச் சுரண்டறது. கழுத்தைத் திருப்பி வயித்தைப் பார்க்கறது. படுக்கறது, எழுறது, மறுபடி படுக்கறது. இந்தக் குளிர்ல கழுத்தெல்லாம் வேர்வை.

சாமு பெருங்காயமும் ஓமமும் காய்ச்சி பாட்டில்ல ஊத்திக்கிட்டு வந்துட்டான். அப்பா அப்படித்தான் செய்வாராம். தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்டான்னேன். மனுஷங்களுக்குத்தான் நீ நர்ஸுன்னான். மனுஷங்களுக்கும் நாங்க அப்படி ஊத்தறதில்லைன்னேன். முறைச்சான். பாட்டிலைத் திண்டு மேல வெச்சுட்டு கால்நடை டாக்டருக்கு போன் போட்டான்.

டாக்டர் வர்ற வரைக்கும் என் பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஜூலி வயித்துல வெச்சுப் பார்த்தேன். அப்பா காதையே ஒட்டி வெச்சுக் கேப்பார். "உள்ள மாவு மெஷின் ஓடணும் பாப்பா, ஓடினா சரி"ம்பார். வலது பக்கம் எப்பவாவது ஒரு சத்தம். இடது பக்கம் ஒண்ணுமே இல்லை. ஆபரேஷன் முடிஞ்ச ஆளுங்ககிட்ட தினம் காலையில நான் கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: காத்து பிரிஞ்சுதா? அதையே இங்க ஒரு குதிரைகிட்ட கேக்க வேண்டியதாச்சு.

டாக்டர் ஷர்மிளா. சின்ன வயசு. கீழயிருந்து ஸ்கூட்டர்ல, ரெயின்கோட்டு சொட்டச் சொட்ட. வந்ததுமே சொல்லிட்டா, எனக்கு மாடு ஆடுதான் ஜாஸ்தி, குதிரை கம்மி, சந்தேகம்னா எங்க சாருக்கு போன் பண்ணிக் கேட்டுப்பேன்னு. அப்பவே அவளைப் பிடிச்சுப்போச்சு.

ஈறு நிறம், நாடி, ஜுரம் எல்லாம் பார்த்தா. நீளக் கையுறை போட்டு உள்ள கையை விட்டுப் பார்த்தா. குடல்ல லத்தி இறுகி அடைச்சுக்கிட்டிருக்கு. குளிர்ல தண்ணி குடிக்கலை, காஞ்ச வைக்கோல், அதுக்கு மேல டூரிஸ்ட்டுங்க ஊட்டின பன்னு. முறுக்கு விழுந்த மாதிரி தெரியலை, உறுதியாவும் சொல்ல முடியாதாம். வலிக்கு ஊசி. மூக்கு வழியா குழாய். எத்தனையோ பேருக்குப் போட்ட குழாய்தான், ஆனா இது தோட்டத்துக்குத் தண்ணி விடற ட்யூப் அளவு. நான் பிடிக்க, அவ இறக்கினா. நுரையீரல்ல இல்லைன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பார்த்துக்கிட்டோம். வெதுவெதுப்பான தண்ணி, எண்ணெய் மாதிரி ஒரு மருந்து. பெரிய புனல்.

போறப்போ சாமுவைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. ஊசியையும் மீறி வலி வந்துக்கிட்டே இருந்தா ஆபரேஷன்தான், அதுக்கு சென்னை போகணும், இந்த மலை இறங்கற வழியை ஜூலி தாங்காது. அப்போ வலியில்லாம அனுப்பிடறது ஒண்ணுதான் நம்மால முடிஞ்சது. சாமு சரி சரின்னு தலையாட்டினான், வேற யாரோடயோ குதிரையைப் பத்திக் கேக்கற மாதிரி.

மணி கயித்தை அறுக்கப் பார்க்குது. பக்கத்துல ஜூலி படுத்தா அதுக்குப் பொறுக்கலை.

அக். 16, வியாழன்.

ராத்திரி போச்சு. எழுதற மாதிரி ஒண்ணுமில்லை.

விடிஞ்சதும் மறுபடி வலி. லத்தி இல்லை. காத்தும் இல்லை. டாக்டர் வந்து இன்னொரு தடவை குழாய், கழுத்து நரம்புல டிரிப். பாட்டில் உத்திரத்துல தொங்குது. வார்டை இங்கேயே கொண்டுவந்த மாதிரி. டாக்டர் கீழ ஒரு மாட்டுப் பிரசவம் பார்த்துட்டு சாயந்திரம் வர்றேன்னு போனா.

டிரிப் முடிஞ்சு ஜூலியை மெதுவா நடத்தினோம். பலாமரத்தைச் சுத்தி. சாமு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, நான் வால் பக்கம். அப்பதான் கேட்டான், பாதுஷா எப்படிக்கா செத்துச்சு? அப்பா ஒரு நாளும் சொன்னதில்லையே.

சொன்னேன்.

பாதுஷா அப்பாவோட ஜட்காக் குதிரை. லாடம் அடிக்கிறப்போ ஒரு ஆணி சதையில பட்டுடுச்சு. அப்பவே பிடுங்கிட்டாங்க, ரத்தம்கூட அவ்வளவா இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு நடை விறைப்பாச்சு. காது ரெண்டும் நட்டுக்கிட்டு, வால் தூக்கினபடியே, மரக்குதிரை மாதிரி நின்னுது. கண்ணு மேல உள்ளேயிருந்து ஒரு ஜவ்வு வந்து மூடும். வாய் திறக்கலை. ரணஜன்னி, டெட்டனஸ். சின்ன சத்தம் கேட்டாலும் உடம்பு முழுக்கத் தூக்கிப்போடும். அப்பா கொட்டகையைச் சாக்கு கட்டி இருட்டாக்கினார். பக்கத்து வீட்டு கௌஸ் பாய், செருப்பு தைக்கிறவர், யாரும் சொல்லாமயே சுத்தியலைத் தொடறதை விட்டுட்டார். தெருவுல பிள்ளைங்க எல்லாரும் கிசுகிசுன்னுதான் பேசினோம். அம்மா பாத்திரத்தைத் துணி விரிச்சு அது மேல வெச்சாங்க. ரயிலை மட்டும் யாராலயும் நிறுத்த முடியலை. ஒவ்வொரு வண்டி ஊதும்போதும் அப்பா அது காதை ரெண்டு கையாலயும் பொத்திக்குவார். ஊசி போட்டு அனுப்பிடலாம்னு மாட்டாஸ்பத்திரிக்காரர் சொன்னப்போ அப்பாவுக்கு மனசு வரலை. கடைசி வரைக்கும் அது தானா போகட்டும்னு விட்டார். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் போச்சு.

தோல் மண்டியிலேர்ந்து ஒரு ஆள் வந்து தோலைக் கேட்டான். அந்த ஊர்ல அது தப்பான கேள்வியும் இல்லை. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். அவரும் கௌஸ் பாயும் இன்னும் சில ஜட்காக்காரங்களும் பாலாத்துக் கரையில குழி வெட்டினாங்க. அப்புறம் அப்பா குதிரை வாங்கலை. ஒரு தோல் ஷாப்புல வாட்ச்மேனா கடைசி வரைக்கும்.

கேஷுவால்ட்டியில டி.டி. ஊசி போடும்போதெல்லாம் பாதுஷா ஞாபகம் வரும்னும் சொன்னேன். ஷூ கம்பெனியில ஆணி குத்தினவங்க, மிதிச்சவங்க, தினம் யாராவது வருவாங்க. கையை நீட்டுங்கம்பேன். ஒரு சின்ன ஊசி.

சாமு இன்னொரு சுத்து நடந்தான். அப்புறம் நின்னான்.

"அக்கா, இன்னொரு தடவை வலி வந்தா டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. என்னால வாயைத் திறந்து சொல்ல முடியாது. நீ சொல்லிடு."

சரின்னேன். கயித்தை என்கிட்ட குடுத்துட்டு ஜூலி நெத்தியில நெத்தியை வெச்சுக்கிட்டு நின்னான். நான் பலாமரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

கலா கஞ்சி வெச்சா. யாரும் குடிக்கலை. அவ லாயத்துச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு வாய்க்குள்ளயே ஜெபம்.

மறுபடி வலி வந்துது. மத்தியானத்துக்கு மேல. ஜூலி முழங்கால் மடிஞ்சு விழப் போச்சு. சாமு என்னைப் பார்த்தான். நான் டாக்டருக்கு போன் போட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரல் நடுங்காமத்தான் சொன்னேன், பழக்கம். அவ, கிளம்பிட்டேன் சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் நிக்க வெச்சுக்கோங்கன்னா.

அவ ஸ்கூட்டர் சத்தம் வளைவுல கேக்கும்போது ஜூலி வாலைத் தூக்குச்சு. காத்து. நீளமா, வெக்கமில்லாம. கலா சிரிச்சுட்டா, உடனே வாயைப் பொத்திக்கிட்டா. யாரும் அசையலை. அப்புறம் லத்தி. முதல்ல கல்லு மாதிரி ரெண்டு, பின்னாலயே எண்ணெய் பளபளப்போட கொட்டுச்சு. சாமு குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளி எடுத்தான். சூடா இருக்குக்கான்னான். அழுதுக்கிட்டே சொன்னான்.

டாக்டர் ஊசிப் பெட்டியைத் திறக்காமயே ஓரமா வெச்சா. ஸ்டெதஸ்கோப்பை வாங்கி ரெண்டு பக்கமும் கேட்டா. ஓடுதுன்னா. நானும் கேட்டேன். மாவு மெஷின்.

அந்தக் கஞ்சியை நாலு பேரும் ஆறிப்போனபடியே குடிச்சோம். ஊறுகாய் தீர்ந்துடுச்சு.

அக். 17, வெள்ளி.

வெயில். கடைசியில ஏரி தெரிஞ்சுது. துணியெல்லாம் காஞ்சுது.

ஜூலி நின்னுக்கிட்டே தூங்குது. கண்ணு தெளிவு. கொஞ்சம் நனைச்ச புல்லு, அதுவும் கை அளவு. டாக்டர் சொல்லிட்டுப் போனது: கொள்ளு இப்போ வேணாம். தண்ணி வெதுவெதுப்பா, துளி உப்பு போட்டு. பூச்சி மருந்து அப்புறம். பல்லைப் பார்க்கணும், வயசாச்சு, சரியா மெல்லலேன்னா மறுபடி அடைக்கும். குளம்பு சூடா இருக்கான்னு தினம் தொட்டுப் பார்க்கணும். சவாரி இப்போதைக்குக் கிடையாது. சாமு, இனிமேலே கிடையாதுங்கறான். சும்மா நிக்கட்டுமாம். மணி சம்பாதிச்சுப் போடட்டுமாம்.

யாரும் தின்னக் குடுக்கக் கூடாதுன்னு அட்டையில எழுதி ஏரிக்கரையில தொங்கவிடப் போறா கலா. எழுத்துப் பிழையைத் திருத்திக் குடுத்தேன்.

சாயந்திரம் வெயில்ல உக்காந்து ஜூலி பிடரியைச் சிக்கெடுத்தேன். ஆம்பூர்ல ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் இப்படித்தான். பாலாத்துல அப்போ முழங்கால் தண்ணி. பாதுஷாவைக் குளிப்பாட்டிட்டு, நானும் நனைஞ்சு, அப்படியே ஈரத்தோட சர்ச்சுக்கு ஓட்டம். பாஸ்டர் ஒண்ணும் சொல்லமாட்டார். அவரும் எங்க வண்டியிலதான் ஸ்டேஷன் போவார்.

முதுகு வலி. எனக்கு.

அக். 18, சனி.

கிளம்பியாச்சு. தீபாவளிக்கு டியூட்டி மாத்திக் குடுக்கறேன்னு ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். புள்ளைக்காரி. கலா பலாச்சுளை வத்தல் கட்டிக் குடுத்தா, பை தாங்குமான்னு தெரியலை.

பஸ் ஸ்டாப்புல எழுதறேன். சாமு ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டான். டீ வாங்கிக் குடுத்துட்டு பக்கத்துல உக்காந்தான். ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தானாம்.

"பாதுஷா நெத்தியில வெள்ளையா ஒரு கோடு இருக்கும்ல? அப்பா என்னைத் தூக்கி அது முதுகுல உக்கார வெப்பார். நான் பிடரியை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா."

நெத்தியில வெள்ளைக்கோடு இருக்கறது ஜூலிக்கு. பாதுஷா போனப்போ சாமு இன்னும் அம்மா வயித்துல.

"ஆமாண்டா"ன்னேன். "இறக்கிவிட்டா ஒரே அழுகை."

சிரிச்சான். கிளாஸைக் குடுத்துட்டு வர எழுந்து போயிருக்கான். பஸ் வந்துடுச்சு.