பூஜ்யத்தில் நின்ற லேப்டாப்

28 ஜூன் 2025, சனி

இன்றும் பூஜ்யம் சதவீதம். காலையில் பால் காய்ச்சும்போது அப்டேட்டைத் தட்டிவிட்டேன். மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அதே பூஜ்யம், அதே சுற்றும் வட்டம். எனக்குத்தான் தலை சுற்றியது.

சென்னையிலிருந்து ஆர்த்தி நேற்று போன் செய்தார். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்றுத்தரும் நிறுவனம் அவருடையது. என்னை ஆசிரியையாக எடுத்துக்கொண்டார்கள்! ஜூலை 12 சனிக்கிழமை முதல் வகுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. "உங்க லேப்டாப் ரொம்பப் பழசா இருக்கு மேடம். அப்டேட் பண்ணாதான் எங்க வகுப்பு செயலி திறக்கும். பதினொன்னாம் தேதி டெஸ்ட் பண்ணுவோம். ஆகலைன்னா வேற டீச்சருக்குக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

என் மகள் கவிநிலா பள்ளியில் படித்தபோது பயன்படுத்திய லேப்டாப். அவள் வேலூருக்குக் கல்லூரிக்குப் போனபோது புதியது வந்தது, இது கடைக்கு வந்தது. கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த வாசல். இவர் (என் வீட்டுக்காரர் தசரதன்) அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறார், பானகம் விற்கிறார், இந்த லேப்டாப்பில் ஜாதகம் கணித்து அச்சடித்துத் தருகிறார்.

29 ஜூன், ஞாயிறு

பூஜ்யம்.

1 ஜூலை, செவ்வாய்

கவிநிலாவிடம் போனில் கேட்டேன். "அம்மா, உள்ள இடம் இல்லன்னா இறங்காது. மொதல்ல குப்பைய காலி பண்ணு" என்றாள். பார்த்தால், ஒவ்வொரு வருஷத்துக் கார்த்திகைத் தீபமும் வீடியோவாகக் கிடக்கிறது. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவரின் தலை, தலைக்கு மேல் தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். அசலை வாசலில் நின்றாலே பார்க்கலாம். அத்தனையையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு அழித்தேன். நானேதான் செய்தேன், யாரையும் கூப்பிடவில்லை.

இடம் தாராளமாக இருக்கிறது. அப்டேட் மட்டும் நகரவில்லை. இணையப் பக்கங்களும் ஒழுங்காகத் திறக்கவில்லை. போனிலிருந்து வரும் ஹாட்ஸ்பாட் சரியில்லையோ? ஆனால் போனில் எல்லாம் பறக்கிறதே.

3 ஜூலை, வியாழன்

ஒரு வீடியோ பார்த்தேன். மூச்சு விடாமல் ஆங்கிலம் பேசுகிறான். நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அப்டேட்டைக் கவனிக்கும் சேவையை நிறுத்தவேண்டும், அரைகுறையாக இறங்கிக் கிடக்கும் பழைய கோப்புகளை அழிக்கவேண்டும், பிறகு சேவையை மறுபடி ஓடவிடவேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டினேன். ஓர் எழுத்துப் பிழையில்லை. தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு ஒற்று விடாமல் தட்டுவதா பெரிய காரியம்?

இவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னா, வங்கிக்குள்ள பூந்துட்டியா?" என்றார். சிரிப்பு வந்தது. ஆனாலும் பூஜ்யம்.

எனக்கு ஏன் இத்தனை வெறி? கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் சில மாதம் தமிழ் எடுத்தேன். கவிநிலா வயிற்றில் வந்ததும் நின்றேன், நின்றது நின்றதுதான். இப்போது நாற்பத்தாறு வயதில் தானாக ஒரு வகுப்பு தேடி வந்திருக்கிறது. ஒரு மிஷினுக்குப் பயந்து விட்டுக்கொடுப்பேனா? மாட்டேன்.

5 ஜூலை, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

அப்டேட் பக்கத்தில் ஒரு மூலையில் சின்ன எழுத்து: கடைசியாகச் சரிபார்த்தது, 9 மே 2019. இப்போதுதானே தட்டினேன்? திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கேயும் மே 2019. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். லேப்டாப் ஆறு வருஷம் பின்னால் உட்கார்ந்திருந்தால் எந்த இணையதளம் அதை நம்பும்? யாரோ போலி என்று வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது.

தேதியைச் சரிசெய்தேன். தட்டினேன். ஒன்று. இரண்டு. நான்கு. அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஓடி ஓடி வந்து பார்த்தேன். குழம்பு லேசாக அடிபிடித்தது, போகட்டும். சாயங்காலம் ஐம்பத்திரண்டு. அருணாதேவி, நீ கெட்டிக்காரிதான்.

6 ஜூலை, ஞாயிறு

அறுபத்தொன்றில் நின்றுவிட்டது. தேதி மறுபடியும் மே 2019.

ஏன்? நான் சரிசெய்ததைக் கனவா கண்டேன்? அந்த வீடியோக்காரன் சொன்னது ஞாபகம் வருகிறது. பழைய லேப்டாப்பில் தேதியைக் காத்துவைக்கும் சின்ன செல் தீர்ந்துபோனால் இப்படி ஆகுமாம். நாளை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

7 ஜூலை, திங்கள்

லேப்டாப் பழுதுபார்க்கும் கடைக்காரர் கழற்றி, செல்லை அளந்து பார்த்து மறுபடி மூடிவிட்டார். "செல்லு புதுசாட்டம் இருக்குதுங்க. தேதி தானா மாறல. யாரோ கையால மாத்தறாங்க. தானா சரியாவற வசதியையும் அணைச்சு வச்சிருக்காங்க" என்றார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் அதைத் தொடுபவர்கள் இரண்டே பேர்.

கேட்டதும் இவர் மறைக்கவில்லை. ஜாதக சாப்ட்வேர் முப்பது நாள் இலவசமாம். முப்பது நாள் ஆகும் முன்பே தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் மறுபடி முதலிலிருந்து ஓடுமாம். ஆறு வருஷமாக, மாதம் தவறாமல், எங்கள் வீட்டில் மே 2019. சனிக்கிழமை நான் சரிசெய்ததும் சாப்ட்வேர் பூட்டிக்கொண்டதாம், யாரோ பெண் வீட்டார் காத்திருந்தார்களாம், அதனால் மாற்றினாராம்.

"நான் பத்து நாளா அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? வியாழக்கிழமை பௌர்ணமி. கூட்டம் ஜாஸ்தி வரும். அது வரைக்கும் வுட்டுடு தேவி."

வெள்ளிக்கிழமை டெஸ்ட். வியாழன் வரைக்கும் விட்டால் எப்படி முடியும்? எனக்கு வாய் நிற்கவில்லை. "வர்றவங்களுக்கெல்லாம் காலம் மாறும், கவலைப்படாதீங்கன்னு சொல்றீங்க. உங்க லேப்டாப்புல மட்டும் காலம் மாறக்கூடாதா? நான் மட்டும் அங்கயே கெடக்கணுமா?"

கடைக்குள் போய்விட்டார். ரொம்பப் பேசிவிட்டேனோ? இல்லை. சரியாகத்தான் பேசினேன். அழுகைதான் வந்திருக்க வேண்டாம்.

8 ஜூலை, செவ்வாய்

இரண்டு வேளையும் ரசம் மட்டும்.

9 ஜூலை, புதன்

காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்க்காமல், "தேதிய மாத்திட்டேன். சரியா இருக்குதான்னு பாத்துக்க" என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். 9 ஜூலை 2025. அப்டேட்டையும் அவரே தட்டிவிட்டிருக்கிறார், அறுபத்தெட்டில் போய்க்கொண்டிருந்தது. ஜாதகம்? கேட்டதற்கு, "கவிநிலா என் போனுக்கு ஏதோ ஆப் அனுப்புச்சு. எழுத்துதான் எறும்பு கணக்கா இருக்குது" என்று முனகினார். மகளுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்! எனக்குத் தெரியாமல்!

சாயங்காலம் முழுதும் இறங்கிவிட்டது. இனி பதியவேண்டும். ராத்திரி சாம்பார் வைத்து அப்பளமும் பொரித்தேன்.

10 ஜூலை, வியாழன். பௌர்ணமி

காலையில் பதிய விட்டேன். பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் அந்த நொடியே அணைந்துவிடும், பாதியில் அணைந்தால் எல்லாம் போச்சு. பௌர்ணமியன்று எங்கள் கடையில் ஜெராக்ஸுக்குப் போக மிச்சம் இருக்கும் ஒரே பிளக்குக்கு எத்தனை பேர் போட்டி என்று நடந்து வந்தவர்களைக் கேட்டால் தெரியும். எல்லோர் கையிலும் சார்ஜ் தீர்ந்த போன்.

நான் பானகத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். எட்டிப் பார்த்தால் இவர் பிளக்கை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், சாமி வாசலில் நந்தி போல. ஒருவர் கெஞ்சினார்: "அண்ணா, அஞ்சே நிமிஷம்ணா."

"இல்லப்பா. உள்ள முக்கியமான வேலை ஓடுது. அடுத்த கடையில கேளு."

சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். "எத்தினி ஆச்சு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். லேப்டாப் இரண்டு தரம் தானாக அணைந்து எழுந்தது. இரண்டு தரமும் இவர் பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் புதுப் படத்தோடு திரை மலர்ந்தது. முடிந்தது. பழைய உடம்புதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கிறது.

இவர் சாமி படத்துத் திருநீற்றை எடுத்து லேப்டாப் மூடிமேல் ஒரு கோடு இழுத்தார். காற்று போகும் ஓட்டையில் படாமல் பூசச் சொன்னேன்.

11 ஜூலை, வெள்ளி

டெஸ்ட் பாஸ். "எந்த சர்வீஸ் சென்டர்ல குடுத்தீங்க மேடம்?" என்று ஆர்த்தி கேட்டார். "நானேதாங்க பண்ணேன்" என்றேன். சொல்லிவிட்டு, அதை இன்னொரு தரம் கேட்கமாட்டாரா என்று இருந்தது. கேட்கவில்லை.

12 ஜூலை, சனி

காலை ஆறு மணிக்கு வகுப்பு. மூன்று பிள்ளைகளும் அமெரிக்காவில், மேற்குக் கரையில். ஆத்திசூடியிலிருந்து தொடங்கலாம் என்று தயார் செய்து வைத்திருந்தேன். கவியா என்று ஒரு வாண்டு, எடுத்த எடுப்பில், "டீச்சர், எங்களுக்கு வெள்ளிக்கிழமை. உங்க ஊர்ல என்ன கிழமை? என்ன தேதி?" என்றாள். 

ஆத்திசூடியை அப்படியே வைத்துவிட்டேன். திரையின் கீழ் மூலையைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "சனிக்கிழமை. ஜூலை பன்னிரண்டு, இரண்டாயிரத்து இருபத்தைந்து." மூவரும் திருப்பிச் சொன்னார்கள். ஆறு வருஷம் பின்னால் கிடந்த என் லேப்டாப் இன்று அமெரிக்காவுக்கே ஒரு நாள் முன்னால் நிற்கிறது. பெருமையாக இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

கிழமைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். கிரிவலம் முடிக்கப்போகிற கும்பல் ஒன்று தண்ணீர் பாட்டில் கேட்டது. இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கும் கேட்டது, கவியாவுக்கும் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள டீச்சர் கிளாஸ் எடுக்கறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து தேவி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். புதன்கிழமையை இரண்டு தரம் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.